மாடி வகுப்பு

மூன்றாம் வகுப்புக்குப் போன முதல் வாரத்திலேயே மாயாவைக் கீழ்த்தளத்திலிருந்து மாடி வகுப்புக்கு மாற்றிவிட்டார்கள். சாயங்காலம் பையைக் கழற்றிப் போட்டபடியே அவள் அதைச் சொன்னாள். மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்த அம்மா மலர்க்கொடி அப்படியே நிறுத்திவிட்டு, உன்னோடு வேறு யாரையாவது மாற்றினார்களா என்று கேட்டாள். இல்லையாம். மதியச் சாப்பாட்டையும் மாடியிலேயே சாப்பிடச் சொன்னார்களாம். காலைப் பிரார்த்தனைக்குக் கீழே இறங்க வேண்டாம் என்றார்களாம். மாயாவுக்கு இதெல்லாம் ஒரு குறையாகத் தெரியவில்லை. மாடி ஜன்னலில் இருந்து பார்த்தால் கடல் தெரிகிறது என்றாள்.

மலர்க்கொடிக்கு அது பொறுக்கவில்லை. பிள்ளையைத் தனியாக ஒதுக்கி வைப்பது அவளுக்குப் புதிதல்ல. மாயா பிறந்ததிலிருந்தே இருமல். தின்பது எதுவும் உடம்பில் ஒட்டாது. திருவொற்றியூரில் பார்த்த டாக்டர்கள் எல்லாம் பிரைமரி காம்ப்ளக்ஸ் என்றே சொல்லி, மாதக்கணக்கில் மருந்து கொடுத்தார்கள். குப்பத்தில் அதை டி.பி. என்று புரிந்துகொண்டு, தங்கள் பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொண்டு உள்ளே போனார்கள். கடைசியில் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஒருவர், குழந்தையின் வியர்வையை எடுத்துச் சோதித்துவிட்டு, இது சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்றார். பிறவியிலேயே வருவது, சளி பசை போலக் கெட்டியாகி நுரையீரலை அடைக்கும், தின்றதைச் செரிக்க வைக்கும் நீரையும் வரவிடாது, வியர்வையில் உப்பு அளவுக்கு மேல் போகும் என்று விளக்கினார். சாப்பாட்டோடு மாத்திரை, மோரில் கூடுதலாக உப்பு, காலையும் மாலையும் மடியில் கவிழ்த்துப்போட்டு முதுகைத் தட்டிச் சளியை இறக்க வேண்டும். யாருக்கும் ஒட்டாது, பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள் என்றும் சொன்னார்.

அனுப்ப வேண்டாம் என்றான் அவள் புருஷன் நீலமேகம். அவன் காசிமேட்டிலிருந்து விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவன். போனால் கரை திரும்ப நாளாகும். இல்லாத நேரத்தில் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் அவனுக்கு. படித்து என்ன ஆகப்போகிறது, வீட்டில் நிம்மதியாக இருக்கட்டும் என்றான். மலர்க்கொடி கேட்கவில்லை. தேரடிக்குப் பின்னால் இருந்த அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியர் ஜேக்கப்பிடம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லிச் சேர்த்தாள். மதிய மாத்திரையை ஆயா கெங்கம்மா எடுத்துக் கொடுப்பாள் என்று அவரே ஏற்பாடு செய்தார். இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லாமல் போயிற்று. இப்போது மட்டும் எதற்கு இந்த மாடி?

மறுநாள் காலையில் மீன் விற்றுவிட்டு வரும் வழியில் கெங்கம்மாவைப் பிடித்தாள். கெங்கம்மா அடுத்த தெருதான். எப்போதும் நின்று பேசுகிறவள், அன்று குடத்தை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு, தனக்கு ஒன்றும் தெரியாது, சார் சொன்னதைச் செய்கிறேன் என்று நடந்துகொண்டே சொன்னாள். அந்த அவசரமே மலர்க்கொடிக்குப் போதுமானதாக இருந்தது. பழைய டி.பி. கதையை இவள்தான் டீச்சர்களிடம் அவிழ்த்துவிட்டிருக்கிறாள் என்று முடிவு கட்டினாள்.

ஆனால் சாயங்காலம் வேறு ஒரு நினைப்பு வந்தது. பள்ளிக்கூடம் திறந்த அன்று நீலமேகம் அந்தப் பக்கம் போய்விட்டு வந்ததாகச் சொன்னான். வலை நூல் வாங்கப் போனவனுக்கு அங்கே என்ன வேலை? அவன் கரை திரும்பியதும் சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"நீதான போய் சார் கிட்ட சொன்ன? பொண்ண நிறுத்தச் சொல்லி?"

"நான் இன்னாத்துக்குச் சொல்றேன்?" என்றான் அவன். "இஸ்கூல் வாசல்ல நின்னு பாத்தேன். கொயந்த வெளாடிகினு கீது. வந்துட்டேன்."

அவள் நம்பவில்லை. அவன் வேகமாக மறுத்திருந்தால்கூட நம்பியிருப்பாள். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னது அவளுக்குச் சரியாகப் படவில்லை. அன்றிலிருந்து இரண்டு பேரும் தேவைக்கு மட்டும் பேசினார்கள்.

யாரையும் கேட்டுப் பிரயோஜனமில்லை, நேரில் பார்த்துவிடுவது என்று ஒரு மதியம் வியாபாரத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். வாசல் வழியாகப் போனால் ஜாக்கிரதையாகிவிடுவார்கள். பின்பக்கம் குழாயடியை ஒட்டி ஒரு சின்னக் கதவு உண்டு. அதைத் தாண்டும்போது அந்த இருமல் கேட்டது.

அடிவயிற்றிலிருந்து கிளம்பி, பாதியில் சிக்கி, மறுபடியும் கிளம்புகிற இருமல். ஆயிரம் பிள்ளைகள் இருமினாலும் அவளுக்கு அது தெரியும். மாயாவை வெயிலில் நிறுத்திவிட்டார்கள் என்று நினைத்து ஓடினாள். குழாயடியைத் திரும்பிப் பார்த்தால், கீழ் வராந்தாவில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். மாயா வயதுதான் இருக்கும். மெலிந்த கழுத்து. நெற்றியிலும் சட்டைக் காலரிலும் வியர்வை காய்ந்த இடத்தில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. பக்கத்தில் அவன் அம்மா சோற்றுக் கிண்ணத்தோடு உட்கார்ந்து, மாயா சாப்பிடும் அதே மாத்திரையை அவன் வாயில் போட்டுக்கொண்டிருந்தாள்.

மலர்க்கொடி தன்னையறியாமல் இரண்டடி முன்னால் போனாள். அந்தப் பெண் சட்டென்று எழுந்து பையனைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"கிட்ட வராதீங்க. தயவு செஞ்சி அங்கயே நில்லுங்க."

மலர்க்கொடிக்கு முகம் சிவந்தது. மீன் நாற்றம் என்று நினைக்கிறாளா, குப்பத்துக்காரி என்று நினைக்கிறாளா? "நானும் புள்ள பெத்தவதான்," என்றாள். "எம் மேல இன்னா கலீஜு ஒட்டிகினு கீது?"

"நீங்க மாயா அம்மாதானே?" என்றாள் அந்தப் பெண். "அதனாலதான் சொல்றேன். உங்களைத் தப்பா நினைக்கல. சாரைப் போய்க் கேளுங்க."

ஜேக்கப் சார் எல்லாவற்றையும் சொன்னார். அந்தப் பெண் மோகனப்ரியா. வீடு மணலி புதுநகர். கணவர் அங்கே ஒரு ஃபாக்டரியில் வேலை. பையன் நிதிஷை இந்த ஜூனில்தான் சேர்த்தார்கள். அவனுக்குக் கொடுக்கும் மாத்திரையைப் பார்த்துவிட்டு, இதே போல இங்கே இன்னொரு பிள்ளை இருக்கிறது என்று கெங்கம்மா விவரம் தெரியாமல் சொல்லியிருக்கிறாள். மோகனப்ரியா அன்றைக்கே அலறியடித்துக்கொண்டு வந்து நின்றாளாம். இந்த நோயுள்ள இரண்டு பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கவே கூடாது என்று அவளுடைய டாக்டர் சொல்லியிருக்கிறார். பையனுக்கு வந்தது என்ன என்று வெளியே தெரிந்தால் இங்கேயும் விரட்டிவிடுவார்கள், யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கெஞ்சியிருக்கிறாள். அதனால் சொல்லவில்லை என்றார்.

"அப்பொ எம் பொண்ணு ஏன் சார் மாடிக்குப் போவணும்? முன்னாடி வந்தது அவதான?"

பையனால் படி ஏற முடியாது என்றார் அவர். மலர்க்கொடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபாக்டரிக்காரர் வீட்டுப் பிள்ளைக்குக் கீழ்த்தளம், படகுக்காரன் பெண்ணுக்கு மாடி. படிக்கட்டு ஒரு சாக்காக இருக்கலாம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரம்மாவிடம் நேராகவே கேட்டாள். ஒட்டாது என்று சொன்னது நீங்கள்தானே? டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். நோய் ஒட்டாது. ஆனால் இந்தப் பிள்ளைகளின் சளியில் சில கிருமிகள் குடியேறிவிடும். நமக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் அவற்றால் ஒன்றும் ஆகாது. இதே நோயுள்ள இன்னொரு பிள்ளைக்கு அவை நம் கை, துணி வழியாகக்கூடப் போய்ச் சேர்ந்தால் லேசில் விடாது. மாடி, கீழ் என்று பிரிப்பது ஒன்றும் இல்லாததற்குப் பரவாயில்லை. ஆனால் ஒரே குழாய், ஒரே வாசல் இருக்கிற சின்னப் பள்ளிக்கூடத்தில் அதை நம்பி எத்தனை வருடம் ஓட்ட முடியும்? வேறு வேறு பள்ளிக்கூடமாக இருந்தால் நல்லது என்றார்.

வீட்டில் சொன்னதும் நீலமேகம், அப்படியானால் நிறுத்திவிடலாம் என்றான். மலர்க்கொடி, நிறுத்த வேண்டியது அந்தப் பையனை என்றாள். முன்னால் வந்தது மாயா. நடுவில் வந்தவர்கள் போகட்டும்.

அதைச் சொல்லிவிட்டு வரத்தான் மணலி புதுநகருக்குப் பஸ் ஏறினாள். சொல்லாமல் கொள்ளாமல் போனாள். படி ஏற முடியாத பையன் வீட்டில் ஓடியாடிக்கொண்டிருந்தால் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்ற எண்ணமும் இருந்தது. அன்று காற்று ஃபாக்டரிப் பக்கமிருந்து அடித்தது. பஸ்ஸை விட்டு இறங்கியதுமே கெட்ட வாசனை மூக்கில் ஏறியது. விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தாள். எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தன.

மோகனப்ரியா கதவைத் திறந்தவள் திகைத்துவிட்டு, உள்ளே கூப்பிடாமல் வாசலிலேயே நின்றாள். கதவிடுக்கு வழியாகக் கட்டில் தெரிந்தது. பட்டப்பகலில் நிதிஷ் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து படுத்திருந்தான். மூச்சு விடும்போது தோள் இரண்டும் தூக்கித் தூக்கிப் போட்டன. நான் வருவது தெரிந்து படுக்கவைத்துவிட்டாளோ என்று அப்போதும் ஒரு கணம் தோன்றியது. பிறகுதான் போர்வைமேல் கிடந்த அவன் கையைப் பார்த்தாள். விரல் நுனிகள் உருண்டு வீங்கி, நகங்கள் கவிழ்ந்து போயிருந்தன. நுரையீரல் கெட்டால் விரல் இப்படி ஆகும் என்று சொல்லி, டாக்டரம்மா ஒவ்வொரு தடவையும் மாயாவின் விரலைப் பிடித்துப் பார்ப்பார். மாயாவுக்கு இன்னும் இல்லை. இதை யாரும் நடிக்க முடியாது.

மோகனப்ரியாதான் முதலில் பேசினாள். இதற்கு முன்னால் இரண்டு பள்ளிக்கூடத்தில் இடம் கேட்டுப் போனார்களாம். இருமலைக் கேட்டதுமே ஒன்றில் இடமில்லை என்றார்கள், இன்னொன்றில் சேர்த்துவிட்டு மற்ற பெற்றோர் சண்டை போட்டதும் அனுப்பிவிட்டார்கள். வாரத்தில் பாதி நாள்தான் போகிறான். ஆனால் போகிற நாளில் காலையில் அவனே எழுந்து சட்டை போட்டுக்கொள்கிறான்.

"நீங்க எதுக்கு வந்தீங்கன்னு தெரியும் அக்கா," என்றாள். "நியாயம் உங்க பக்கம்தான். இந்த வருஷம் மட்டும் விடுங்க. அடுத்த வருஷம் அவன் போவானான்னே தெரியல."

மலர்க்கொடி பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள். வழியெல்லாம் அவளுக்கு மனம் ஒரு நிலையில் இல்லை. பேசியே என்னைக் கவிழ்த்துவிட்டாளா? இந்த வருஷம் என்பாள், அடுத்த வருஷமும் அதையே சொல்வாள். ஆனால் அந்த விரல்களை நினைத்ததும் கோபம் தங்கவில்லை. மாயா படி ஏறுவாள். மாயாவின் இருமல் நல்ல நாட்களில் வெளியே தெரியாது. இன்னொரு வாசலில் போய் நின்றால் உள்ளே விட வாய்ப்பிருக்கிற பிள்ளை மாயாதான். அந்தப் பையனுக்கு வேறு வாசல் இல்லை.

மறுநாள் ஜேக்கப் சாரிடம் போனாள். "நான் எம் பொண்ண வேற இஸ்கூல்ல சேக்கறேன் சார். ஆனா நீங்க கூட வந்து பேசணும். நான் சொன்னா டி.பி.ன்னுதான் நினைப்பாங்கோ."

அவர் மறுக்கவில்லை. கார்ப்பரேஷன் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு இருவரும் போனார்கள். அங்கிருந்த தலைமை ஆசிரியை முதலில் கேட்டதே ஒட்டுமா என்றுதான். இரண்டு வருடம் என் பள்ளியில் நாற்பது பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்தாள், ஒருவருக்கும் ஒன்றும் வரவில்லை என்றார் ஜேக்கப். அந்த அம்மாள் மாயாவைக் கூப்பிட்டு ஒரு பக்கம் படிக்கச் சொன்னார். மாயா தடுமாறாமல் படித்தாள். இதே நோயோடு வேறு பிள்ளை இங்கே இருக்கிறதா என்று மலர்க்கொடி கேட்டாள். இல்லை என்றார்கள். அதை நம்பாமல், மதிய இடைவேளை முடியும் வரைக்கும் மைதானத்து ஓரமாக நின்று அந்த இருமல் கேட்கிறதா என்று காது கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள்.

நீலமேகம் எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. முதல் நாள் தானே கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னான். அப்போதுதான், அன்றைக்கு ஏன் பள்ளிக்கூடத்து வாசலில் போய் நின்றாய் என்று மறுபடியும் கேட்டாள்.

"கடலுக்குப் போறதுக்கு முன்னாடி எப்பவும் ஒரு தபா போய்ப் பாப்பேன்," என்றான். "திரும்பி வர்றப்போ இருக்காளோ இல்லையோன்னு கீது. உன்னாண்ட சொன்னா நீ அழுவ."

அவள் அழவில்லை. அவனுடைய சோற்றுத் தட்டை எடுத்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மாயாவுக்குக் கோபம் ஒரு வாரம் இருந்தது. மாடி ஜன்னலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். பிறகு புதுப் பள்ளிக்கூடத்தில் ஒரு தோழி கிடைத்ததும் அது நின்றது. நிதிஷ் அந்த வருஷம் முழுவதும் பழைய பள்ளிக்கூடத்துக்குப் போனான், வாரத்தில் பாதி நாள். பரீட்சையும் எழுதினான். அடுத்த மழைக்காலத்தில் இறந்துபோனான். தகவலைக் கெங்கம்மா வந்து சொன்னாள்.

மலர்க்கொடி துக்கம் கேட்கப் போனாள். மோகனப்ரியா இந்த முறை கதவை முழுதாகத் திறந்து, உள்ளே வந்து உட்காரச் சொன்னாள். கிளம்பும்போது, மாயா படிக்கிறாளா என்று மோகனப்ரியா கேட்டாள். படிக்கிறாள் என்றாள் மலர்க்கொடி. ஊருக்குத் திரும்பியதும் நேராக வீட்டுக்குள் போகவில்லை. தெருக்குழாயில் கையையும் முகத்தையும் சோப்புப் போட்டுக் கழுவினாள். சேலையை மாற்றினாள். அதற்குப் பிறகுதான் மாயாவை மடியில் கவிழ்த்துப் போட்டு முதுகைத் தட்ட ஆரம்பித்தாள்.