ரொட்டி தீரும்வரை

செப்டம்பர் பதினொன்று, வியாழக்கிழமை, பகல் பன்னிரண்டு பத்துக்கு வல்மோன் சதுக்கத்து உணவகத்தில் ஒதீலும் ரெமியும் மதிய உணவுக்கு உட்கார்ந்தார்கள். நான்கு ஆண்டுகளும் ஐந்து மாதங்களும் ஆகியும் எழுந்திருக்கவில்லை.

அவர்கள் திஜோனிலிருந்து மாக்கோனுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மூன்று மணிக்கு அங்கே வக்கீல் முன்னிலையில் விவாகரத்துத் தாள்களில் கையெழுத்திட வேண்டும். ரயில்காரர்கள் வேலைநிறுத்தம்; அதனால் ஒரே காரில் வந்தார்கள். ரெமி மாட்டு வைத்தியன். பத்தொன்பது ஆண்டுகளாக மதியத்தில் சமையலறையில் நின்றபடியே எதையாவது வாயில் போட்டு, மென்றுகொண்டே அடுத்த தொழுவத்துக்கு ஓடுகிறவன். ஒதீலுக்கு லியோனில் ஓர் அறையும் ஒரு வேலையும் தயாராக இருந்தன. அவனோடு உட்கார்ந்து சாப்பிட அவளுக்கு விருப்பமில்லை. ஆனால் பன்னிரண்டு மணிக்குமேல் சாப்பிடாமல் வழியிலுள்ள திராட்சைத் தோட்டங்களைக் கடந்து போகிறவன், அந்தப் பக்கத்தில், ஒன்று நோயாளி, இல்லை திருடன்.

முதலில் சிவப்பு ஒயினில் வெந்த முட்டை, அடுத்து மாட்டிறைச்சி. பாலாடைக்கட்டி வந்தபோதுதான் சிக்கல். அது தீர்ந்தபோது ரொட்டி மிச்சமிருந்தது. ரொட்டியை மிச்சம் வைப்பது இருவர் வீட்டிலும் வழக்கமில்லை. அதற்காக இன்னும் கொஞ்சம் பாலாடைக்கட்டி வாங்கினார்கள். ரொட்டி தீர்ந்தது, பாலாடைக்கட்டி மீந்தது. அதை இறக்க ஒயின் வேண்டியிருந்தது. மீந்த ஒயினுக்கு ரொட்டி வேண்டியிருந்தது. அந்தப் பக்கத்தில் எல்லா மேசையிலும் நடப்பதுதான். பெரும்பாலும் மூன்றாம் சுற்றில் மூன்றும் ஒன்றாகத் தீர்ந்துவிடும். இவர்களுக்குத் தீரவில்லை.

சன்னலுக்கு வெளியே திராட்சை அறுவடை முடிந்தது. இலைகள் சிவந்து உதிர்ந்தன. கொடிகளை வெட்டி எரித்தார்கள். பனி பெய்தது. அவர்கள் மேசைமேல் மட்டும் ஒன்றேகால் மணி வெயில் விழுந்துகொண்டிருந்தது. போத்தலின் நிழல் விரற்கடைகூட நகரவில்லை. உணவகத்துக்காரி யுகெத் அந்த மேசையைச் சுற்றித் தரையைத் துடைத்தாள். சதுக்கத்தில் ஒன்றரை மணி நேரத்துக்குமேல் கார் நிறுத்தக்கூடாது. ஆனால் மதிய உணவு நேரத்துக்கு அந்த விதி கிடையாது. ஊர்க்காவலர் லுசியான் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தார். அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார். அவர் ஓய்வு பெற்றபின் வந்தவரும் அதையே செய்தார்.

வக்கீல் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"ரெண்டு பேரும் இன்னும் சாப்பிட்டுட்டு இருக்காங்க, முசியே," என்றாள் யுகெத்.

"அடடா, சாப்பாட்டு வேளையிலயா கூப்பிட்டேன்? மன்னிச்சுக்கோங்க, மதாம்."

ஆண்டுக்கொருமுறை கூப்பிட்டு, ஆண்டுக்கொருமுறை மன்னிப்புக் கேட்டார். லியோனிலும் ஒதீலின் இடத்தில் வேறு ஆளை வைக்கவில்லை. சாப்பிடப் போனவளின் நாற்காலியில் இன்னொருத்தியை உட்கார வைப்பது முறையல்ல.

முதல் குளிர்காலம் முழுக்க அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அது ஒன்றேகால் காட்டியது. எழுந்து போயிருக்கலாம், யாரும் தடுக்கவில்லை. ஆனால் மென்றுகொண்டே எழுவது ரெமியின் பழக்கம். அதைப் பொறுக்காமல் அவனை விட்டுப் போகிறவள், அதையே செய்ய முடியாது. இரண்டாம் ஆண்டு ஆலங்கட்டி மழை மேட்டுத் தோட்டங்களை அழித்தது. அதைப் பற்றி நான்கு வார்த்தை பேசினார்கள். மூன்றாம் ஆண்டு அறுவடையின்போது அவள் கேட்டாள்.

"எங்கப்பாவ அடக்கம் பண்ணின அன்னிக்கு எங்க போன?"

"தெரிஞ்சதுதானே. பெத்தோன் வீட்டு மாடு கன்னு போட முடியாமத் தவிச்சுது."

"எனக்கும் அவ்வளவுதான் தெரியும்."

ரெமி கத்தியைக் கீழே வைத்தான். "முடிஞ்சதும் வந்தேன். கல்லறைச் சுவருக்கு வெளியவே நின்னுட்டேன். முழங்கால் வரைக்கும் சாணி, ரத்தம். உங்க அத்தைங்க எல்லாம் பட்டுல நின்னாங்க."

"பதினாறு வருஷமா ஏன் வாயத் தொறக்கல?"

"வாயில எப்பவும் ரொட்டி இருந்துச்சு."

"முட்டாப் பயலே," என்றாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த மேசையில் திராட்சை பறிக்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதன்பின் ஈஸ்டர் வரை அவள் பேசவில்லை. அந்தச் சுவரை நினைத்துக்கொண்டிருந்தாள். அது அவன் தோள் உயரம்தான். அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருப்பான்.

ஐந்தாம் குளிர்காலம், பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, கடைசித் துண்டு ரொட்டியும் கடைசி விள்ளல் பாலாடைக்கட்டியும் கடைசி மடக்கு ஒயினும் ஒன்றாகத் தீர்ந்தன. கடிகாரம் ஒன்று பதினாறு என்றது. மாக்கோன் முக்கால் மணி நேரப் பயணம். வக்கீல் மூன்று மணிக்கு இருப்பார். ரெமி கைகளை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வாயில் எதுவும் இல்லை.

யுகெத் துணுக்குகளைத் துடைத்தெடுத்தாள். காபி கேட்டால் சாப்பாடு முடிந்தது. அதற்குப்பின் கோட்டுதான், கார்தான்.

"காபி கொண்டு வரட்டுமா? இல்ல இனிப்பு பாக்குறீங்களா? ஒயின்ல வேகவச்ச பேரிக்காய் தரலாம். இனிமேதான் அடுப்புல ஏத்தணும்."

"அவ சொல்றதுதான்," என்றான் ரெமி.

ஒதீல் உணவுப் பட்டியல் அட்டையை ஒருமுறை முழுதும் படித்தாள். மூடி வைத்தாள்.

"பேரிக்காய் நல்லா வேக எவ்வளவு நேரம் ஆகும், யுகெத்?"