இடம் போதாமல் போன இரண்டு வரி

ஞாயிறு இணைப்பின் நலப் பக்கத்தை ஒன்பது வருடமாகப் பார்த்துக்கொள்ளும் துணையாசிரியருக்கு ஒரு கைப்பழக்கம் உண்டு. பத்தி நீண்டுவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு அடியில் வெட்டுவார். முக்கியமானது மேலே இருக்கும், அடியில் இருப்பது வெறும் வால் என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தீ விபத்துக்கும் தேர்தலுக்கும் அது சரி. மருத்துவர்கள் அப்படியா எழுதுகிறார்கள்? முதலில் தட்டிக்கொடுப்பார்கள், மிரட்ட வேண்டியதைக் கடைசியில்தான் வைப்பார்கள். மனுஷனுக்கு இது ஒருநாள்கூட உறைக்கவில்லை.

உறைத்தது, தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் அண்ணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான்.

உள்ளே அண்ணன். உயிர் பிழைத்துவிட்டார், ஆனால் இதயத்தில் பாதி போய்விட்டது. "நாலு மணி நேரம் முன்னாடி கூட்டிட்டு வந்திருக்கலாமே" என்று மருத்துவர் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து, அம்மா மருமகளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அண்ணி கைப்பையைத் திறந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்தார். போன மாதத்து நலப் பக்கம். 'நெஞ்செரிச்சலா? பதறாதீர்கள்!'

"உங்க பக்கத்த ஒண்ணு விடாம கத்திரிச்சு வச்சிருப்பேன் தம்பி. காலையில நெஞ்சு எரியுதுன்னாரு, கை குடையுதுன்னாரு. இதப் பாத்துதான் வெந்நீர் குடுத்தேன், கொஞ்சம் நடங்கன்னேன். அவரு ஆஸ்பத்திரிக்குப் போலாம்னுதான் சொன்னாரு. நான்தான், நம்ம தம்பி பேப்பர்லயே போட்டிருக்கு, பதறாதீங்கன்னேன்." தாளை நீட்டினார். "கத்திரிக்கும்போது கீழ ஏதாவது விட்டுட்டேனா? நீங்களே பாருங்க."

அண்ணி எதையும் விடவில்லை. ஓரம் பிசகாமல் கோட்டோடு வெட்டியிருந்தார். அந்தக் கோட்டுக்குக் கீழே அன்றைக்கு ஒரு திரைச்சீலைக் கடையின் விளம்பரம் இருந்தது. கடைசி நேரத்தில் வந்து அரை அங்குலம் கூடுதலாகக் கேட்ட விளம்பரம்.

ஞாபகமில்லை என்று சொல்லிவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது? வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்படி நினைத்ததற்கே அவருக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது. எதிர் நாற்காலியில் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க எதையும் விடல அண்ணி," என்றார், அம்மாவுக்கும் கேட்கும்படி. "டாக்டர் எழுதிக் குடுத்ததுல இன்னும் ரெண்டு வரி இருந்துச்சு. விளம்பரத்துக்கு இடம் பத்தலன்னு நான்தான் எடுத்துட்டேன்."

அம்மா திரும்பிப் பார்த்தாள். அண்ணி தாளை மடியில் விரித்து அதன் அடி ஓரத்தை விரலால் தடவினார்.

"என்ன வரி?"

அன்றைக்கு ஒரு நொடியில் அழித்தது, இன்றைக்கு எழுத்து பிசகாமல் நினைவுக்கு வந்து தொலைத்தது.

"எரிச்சலோடு கையிலும் வலி இருந்தால், ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்."

அண்ணி அழவில்லை. திட்டவுமில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் இவர் தலையையாவது நிமிர்த்தியிருப்பார்.

"இவ்வளவுதானா தம்பி?" என்று மட்டும் கேட்டார்.