வெண்டல் கீஸ்லருக்கு இன்னும் ஓர் அவுட்

வெண்டல் கீஸ்லரின் பையில் எப்போதும் ஐந்து கையுறைகள் இருக்கும். முதல் பேஸுக்கு நீளமானது ஒன்று, அடிப்பவனுக்குப் பின்னால் குந்திப் பந்து பிடிக்கும் கேட்சருக்குத் தலையணை மாதிரி உப்பியது ஒன்று, இப்படி. மார்லோ பேஸ்பால் அணியின் அறையில் அவன் பையைத் திறந்தாலே, "கடை திறந்தாச்சுப்பா, யாருக்கு என்ன வேணும்?" என்று எவனாவது குரல் கொடுப்பான். ஆட்டப் பருவத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை அவன் ஒரே ஒரு கையுறையோடு வந்தான். ஷார்ட்ஸ்டாப் ஆடுகிறவனின் சின்னக் கையுறை. மற்ற நான்கையும் வீட்டிலேயே போட்டுவிட்டு வந்திருந்தான். மறதி இல்லை, வீம்பு.

எல்லா இடத்திலும் ஆடத் தெரிந்தவனுக்கு பேஸ்பாலில் தனி மரியாதை உண்டு. எல்லோரும் புகழ்வார்கள். எவரும் ஓர் இடம் கொடுக்க மாட்டார்கள். பதினோரு வருடமாக வெண்டல் இந்த மரியாதையைத்தான் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தான்.

பள்ளிக்கூட நாளிலிருந்து அவன் மனசெல்லாம் ஷார்ட்ஸ்டாப்தான். இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவில், பந்து சீறிக்கொண்டு வரும் அந்தச் செம்மண் திட்டு. அங்கே எத்தனையோ ஆட்டங்களைத் தொடங்கியிருக்கிறான். ஒன்றையும் அங்கே முடித்ததில்லை. நடுவில் யாருக்காவது முட்டி பிசகும், யாருக்காவது வயிற்றைக் கலக்கும். மேனேஜர் ஹாலிஸ் டன், ஆட்டக்காரர்கள் உட்காரும் டக்-அவுட்டிலிருந்து விரலை ஆட்டுவார். "சரி தலைவரே" என்று இவன் வேறு கையுறையைத் தேடிக்கொண்டு ஓடுவான். ஒருமுறை துணிந்து கேட்டும் பார்த்தான்.

"உன்னை ஒரே எடத்துல நட்டு வச்சுட்டா மத்த எடத்துக்கெல்லாம் நான் யாருகிட்டய்யா போவேன்?" என்றார் ஹாலிஸ். அதைப் பாராட்டாகத்தான் சொன்னார் என்பதுதான் கொடுமை.

இன்றோடு வெண்டல் ஓய்வு பெறுகிறான். கடைசி ஆசை என்ன என்று ஹாலிஸ் கேட்டபோது அவன் யோசிக்கவே இல்லை. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு முழு ஆட்டம், ஷார்ட்ஸ்டாப்பில்.

"அவ்வளவுதானா? பூகம்பமே வந்தாலும் உன்னை நகத்த மாட்டேன், போ" என்று ஹாலிஸ் அவன் தோளில் தட்டினார்.

ஹாலிஸுக்கும் அன்று நெருக்கடிதான். தோற்றால் அணிக்குக் கடைசி இடம். கடைசி இடம் வந்தால் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று முதலாளி முன்கூட்டியே அன்பாகச் சொல்லியிருந்தார். அப்படியும் ஏழாவது இன்னிங்ஸில், கையிலிருந்த ஒரே மாற்று கேட்சரை வேறொருவனுக்குப் பதிலாகப் பந்தடிக்க அனுப்பி, வெளியே எடுத்துச் செலவழித்துவிட்டார். வெண்டல் இருக்கும்போது என்ன பயம்?

வெண்டல் அன்று பிரமாதமாக ஆடினான். ஒன்பதாவது இன்னிங்ஸ் வந்தது. மார்லோ இரண்டு ரன் முன்னால் இருந்தது. எதிரணியில் இரண்டு பேர் அவுட். இன்னும் ஓர் அவுட், அவ்வளவுதான். வெண்டல் கையுறையை ஒரு குத்து குத்திக்கொண்டு குனிந்து நின்றான்.

அப்போது பார்த்து ஹாலிஸ் மைதானத்துக்குள் நடந்து வந்தார். அம்பயரிடம் ஏதோ சொன்னார். ஒரு புதுப் பையன் ஷார்ட்ஸ்டாப்பை நோக்கி ஓடிவந்தான்.

"என்ன தலைவரே? யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. இது உனக்காகத்தான்யா! நீ வெளிய நடந்து வா, ஜனங்க எழுந்து நின்னு கை தட்டட்டும்."

"இன்னும் ஒரு அவுட்தான் இருக்கு."

"அதான் சொல்றேன், சரியான நேரம்!"

ஹாலிஸின் கண்களில் நிஜமாகவே ஈரம். கூட்டம் முழுக்க எழுந்துவிட்டது. எதிரணிக்காரர்கள்கூடக் கை தட்டினார்கள். முடியாது என்று சொல்ல வெண்டல் வாயைத் திறந்தான். பதினோரு வருடப் பழக்கம் முந்திக்கொண்டது.

"சரி தலைவரே."

தொப்பியைக் கழற்றி ஆட்டிக்கொண்டே நடந்தான். அத்தனை பேர் நிற்கையில் அவன் மனைவி டார்லா மட்டும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த பந்து மட்டையின் ஓரத்தில் உரசி, கேட்சர் எஃப்ராயினின் கட்டைவிரலைப் பதம் பார்த்தது. விரல் போகக் கூடாத பக்கம் போயிருந்தது. அவனை உள்ளே அழைத்துப் போனார்கள்.

"வெண்டல்!" என்று கத்தினார் ஹாலிஸ்.

வெண்டல் அதற்குள் எஃப்ராயினின் கால்கவசம் ஒன்றை வாங்கிக் கட்டிவிட்டிருந்தான். கை தானாக முகமூடியைத் தேடியது.

அம்பயர் தலையை ஆட்டினார். "வெளிய போனவர் திரும்ப வரக் கூடாதுங்க. உங்களுக்கே தெரியாதா?"

ஹாலிஸ் பெஞ்சைப் பார்த்தார். ஏழாவது இன்னிங்ஸிலேயே செலவான மாற்று கேட்சர் அங்கே சும்மா உட்கார்ந்திருந்தான். கடைசியில் முதல் பேஸில் நிற்கும் போ ஸ்டாங்கே மாட்டிக்கொண்டான். பீரோ சைஸ் ஆள்.

"தலைவரே, ஷூ லேஸ் கட்டவே எனக்கு ஆள் வேணும். நான் போய் எங்க குந்துறது?"

"குந்துடா!"

இரண்டு ஸ்டிரைக் ஆனது, மூன்று ஆனால் அவுட். மூன்றாவது பந்துக்கு அடிப்பவன் மட்டையை வீசி, கோட்டை விட்டான். ஆட்டம் முடிந்தது என்று வாணவேடிக்கைக்காரன் திரியையும் பற்றவைத்துவிட்டான். ஆனால் மூன்றாவது ஸ்டிரைக்கை கேட்சர் பிடிக்காமல் விட்டால் அவுட் இல்லை, அடிக்க வந்தவன் ஓடலாம். பந்து போவின் கால்களுக்கு நடுவே புகுந்து சுவர்வரை உருண்டுபோனது. வானத்தில் பச்சையும் சிவப்பும் பூத்துக்கொண்டிருக்க, மட்டைக்காரன் நிதானமாக முதல் பேஸைச் சேர்ந்தான். அதற்கப்புறம் போவைத் தாண்டிய பந்துகளை யாரும் எண்ணவில்லை. மூன்று ரன் போனது. பதிலுக்கு அடிக்க வந்த மார்லோ ஆட்கள் மூவரும் வந்த வழியே திரும்பினார்கள். மார்லோவுக்குக் கடைசி இடம்.

டக்-அவுட் காலியான பிறகு ஹாலிஸ் வெண்டலின் பக்கத்தில் வந்து பொத்தென்று உட்கார்ந்தார்.

"நீ மட்டும் உள்ள இருந்திருந்தா..."

"உள்ளதான் தலைவரே இருந்தேன்."

ஹாலிஸ் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். "இனிமே எந்த ஊருக்குப் போவேன், என்ன வேலை குடுப்பாங்கன்னே தெரியல."

"எங்க அனுப்பினாலும் போங்க தலைவரே. பழகிடும்."

இதைச் சொன்னபோது அவனுக்குக் கோபம் இருந்தது. சொன்ன பிறகு பாவமாக இருந்தது. அவர் முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டு, கையுறையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தான். நேராகப் போய் அந்தச் செம்மண் திட்டில் கால்களை அகட்டி, முட்டியில் கை ஊன்றி நின்றான். கேலரியில் டார்லா மட்டும் இருந்தாள். அவள் இப்போது எழுந்து நின்றாள்.

மைதானத்துக்குத் தண்ணீர் அடிக்கும் ஆள் குழாயை இழுத்துக்கொண்டு வந்தார். "சார், கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி நில்லுங்க. இந்த எடத்தை நனைக்கணும்."

வெண்டலின் கால் அரையடி நகர்ந்துவிட்டது. அதை இழுத்துப் பழைய இடத்திலேயே வைத்தான்.

"மாட்டேன்" என்றான். "என்னையும் சேத்து நனைங்க."