கண்ணகி வாசித்த முடிவு

அந்த வருஷம் மத்தியானத்தில் கரண்ட் போனால் ஆரணியே திட்டும். சின்னம்மாள் அக்கா வீட்டுப் பின்கட்டில் இருந்த நாங்கள் நாலு பேர் மட்டும் சந்தோஷப்படுவோம். பக்கத்து வீட்டு விசைத்தறிச் சத்தம் நின்றால்தானே கண்ணகி எங்களுக்கு நாவல் வாசிப்பது காதில் விழும்? எங்கள் கை ராட்டினத்துக்குக் கரண்ட் எதற்கு? பட்டு நூலைக் குச்சியில் சுற்றிக்கொண்டே கேட்போம். வாசிக்கிறவள் சுற்ற வேண்டிய நூலை மற்ற மூவரும் பங்கு போட்டுச் சுற்றிவிடுவோம். நாங்களாக வைத்துக்கொண்ட வழக்கம் அது.

பஸ் ஸ்டாண்டு கடையில் மாத நாவல் வாங்கி வருவது சின்னம்மாளின் மருமகள் ஜெயப்ரியா. படித்து முடித்ததும் மாமியாருக்கும் மருமகளுக்கும் சண்டை ஆரம்பமாகும்.

"போன மாசக் கதையில வந்த ஆளு சுத்த மோசம். கோவம் வந்தா அவ கையப் புடிச்சி முறுக்கறான். அத்தப் போயி காதலுங்கறா."

"அவன் அவ மேல உயிரையே வச்சிகினு இருக்கான் அத்தே. அதான்."

"உங்க மாமனாரு அப்டி உயிர வச்சிருந்தா, ராட்டினத்தத் தூக்கி மண்ட மேல போட்டிருப்பேன்."

கண்ணகி சிரிப்பாள். தெள்ளார்ப் பக்கத்துப் பெண். புருஷன் காய்ச்சலில் போனபோது மகள் தமிழ்ச்செல்வி கைக்குழந்தை. மகளையும் பெற்ற தாயையும் வைத்துக்கொண்டு என் பக்கத்து அறையில் குடியிருந்தாள். நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் அவளுக்கு இருந்தது சின்னம்மாள் வீடுதான்.

செய்யாறு கம்பெனிக்கு ஆள் ஏற்றிப் போகும் பஸ்ஸை ஓட்டும் சுதாகர், அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை அவன் தன் அம்மாவை அழைத்து வரலாமா, வேண்டாமா என்று அவள் பதில் சொல்ல வேண்டும். இது எனக்கு மட்டும் தெரியும்.

"மனசு சரின்னுதான் சொல்லுது அபிதாக்கா. சின்னம்மாக்கா இன்னா சொல்லும்? அது மூஞ்சியத் திருப்பிக்கினா அந்த வீட்டுக்கு நான் எப்டிப் போவேன்?"

கேட்டுப் பார் என்றேன். வாய் வரவில்லை என்றாள்.

அந்த மாதம் வந்த நாவலிலும் நளினி என்று ஒரு கைம்பெண், அவளுக்கு ஒரு மகள், அவளை விரும்புகிற ஊட்டி எஸ்டேட் முதலாளி. வாசிக்க வாசிக்கக் கண்ணகியின் குரல் இறங்கிக்கொண்டே போனது.

"நளினி ஒத்துக்குவாளா அத்தே?" என்று ஜெயப்ரியா கேட்டாள்.

"எனக்கு இன்னா தெரியும்? படிக்கட்டும், பாக்கலாம்" என்று சொல்லி, சின்னம்மாள் அறுந்த இழையை முடிந்தாள். அந்த முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. கண்ணகி அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள், பாவம்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பக்கங்கள். "நளினி கதவைத் திறந்தாள்" என்று தொடங்கிய கண்ணகி சட்டென்று நின்றாள். கண் மட்டும் பக்கத்தின் அடிவரை ஓடியது. சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தாள். பிறகு வாசித்தாள்.

"அவன் பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு இறங்கி வந்தான். குழந்தைக்கு வேர்க்கடலை உருண்டை வாங்கி வந்திருந்தான். உனக்கு சரின்னா ஞாயித்துக்கிழம எங்கம்மாவக் கூட்டிகினு வரேன் என்றான்..."

"இருக்கா, இரு!" ஜெயப்ரியாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எஸ்டேட் மொதலாளி எதுக்கு பஸ் ஓட்டிகினு வரான்? காரு இன்னா ஆச்சி? ஊட்டிக்காரன் 'கூட்டிகினு'ன்னு வேற பேசறான்!"

சிரித்தபடியே புத்தகத்தைப் பிடுங்கினாள். நாலு வரி படிப்பதற்குள் சிரிப்பு போய்விட்டது.

"இதுல அப்டி இல்லியே. என் மகளே எனக்குப் போதும், போய்விடுங்கள்னு சொல்லிட்றா. அவனும் போயிட்றான்."

ராட்டினங்கள் நின்றன. கண்ணகி தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்காக ஏதாவது சொல்ல வேண்டும் என்று என் மனசு அடித்துக்கொண்டது. அதற்குள் சின்னம்மாள் பேசிவிட்டாள்.

"எந்த பஸ்ஸு?"

"செய்யாறு கம்பெனி பஸ்ஸுக்கா." கண்ணகி குனிந்தபடியே சொன்னாள்.

"குடிப்பானா?"

"இல்லக்கா."

"பாப்பா அவன்கிட்ட போவுதா?"

"ஆரன் சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடுதுக்கா."

சின்னம்மாள் மருமகளின் கையிலிருந்த நாவலை வாங்கி, அட்டையை ஒரு தரம் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"இத்த எழுதினவங்களுக்கு இன்னா பேஜாரோ, ஜல்தியா முடிச்சிட்டாங்க. நீ படிச்சதுதான் நல்லாருந்திச்சி. மேல சொல்லு. அம்மாவக் கூட்டிகினு வரேன்னான் இல்ல? அதுக்கு அவ இன்னா சொன்னா?"

கண்ணகியின் கையில் இப்போது புத்தகம் இல்லை. நாங்கள் காத்திருந்தோம்.

"வரச் சொன்னாக்கா."

"அப்டிச் சொல்லு. உன் ரூம்புல நாலு பேரு உக்கார எடம் ஏது? இங்கயே வரச் சொல்லு. ஜெயா, நாளைக்கே கூடத்தக் கழுவி வுட்டுடு. அந்தம்மா நம்ம வூட்டப் பாத்து ஒரு சொல்லு சொல்லக் கூடாது."

கண்ணகி அப்படியே சாய்ந்து சின்னம்மாள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"பட்டு மேல கண்ணுத் தண்ணி வுடாதடி, கறையாப் போவும்."

அதட்டிவிட்டு, மடியிலிருந்த நூலை மட்டும் எடுத்து என்னிடம் நீட்டினாள். கண்ணகியின் தலையை விலக்கவே இல்லை.