பதினொரு பேர்

ஆலைத் தீ பற்றிய கட்டுரையில் அவள் எழுதிய வரி மூன்றாவது முறையாகக் காணாமல் போயிருந்தது. 'பதினொரு தொழிலாளர்கள் கொல்லப்பட்டனர்' என்று அவள் எழுதினால், 'ஒன்பது பேர் இறந்தனர்' என்று மாற்றி, 'சான்று இல்லை' என ஒரு குறிப்பும் வைத்துவிட்டுப் போவார் முகம் தெரியாத ஓர் ஆள். யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணையக் கலைக்களஞ்சியம் அது. அங்கே அவர் வைத்துக்கொண்ட பெயரே 'கறார்'.

அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். மதிய இடைவேளையில் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, கட்டுரையைத் திருத்துபவர்கள் விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் அவருக்கு எழுதிப் பொரிந்து தள்ளினாள்.

"கதவை வெளியில பூட்டிட்டாங்க. செத்தவங்கள்ல எங்கப்பாவும் ஒருத்தர். ஒப்பந்தக் கூலிங்கறதால அரசாங்கக் கணக்குல சேக்கல. நீங்க கம்பெனி ஆளா?"

"இல்லங்க. உங்ககிட்ட இப்படிப் பேச எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

சொன்னாள்.

"ஒருத்தர் தலை சுத்துதுன்னு சொன்னா, சோதிக்காமலே ரிப்போர்ட்ல சர்க்கரை அளவு எழுதுவீங்களா? நீங்க சொல்றதை நான் நம்பறேன். ஆனா நான் நம்பறது சான்றாகாதே."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் சொல்வது சரி என்பதாலேயே எரிச்சல் இன்னும் கூடியது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் புலம்பினாள்.

அம்மா வெங்காயம் உரித்தபடியே சொன்னாள்: "அவரு கேக்கறது நியாயம்தானேடி. நாளைக்குக் கம்பெனிக்காரன் வந்து அஞ்சு பேர்தான்னு எழுதினா, நீ எதைக் காட்டி மறுப்ப?"

பத்து நாள் அவள் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. பிறகு திறந்தபோது கட்டுரை மாறியிருந்தது. கறார் தன் இரண்டு விடுமுறை நாள்களை ஆவணக் காப்பகத்தில் கழித்து, விசாரணைக் குழு அறிக்கையின் பின்னிணைப்பைத் தேடிப் பிடித்திருந்தார். பிரேதப் பரிசோதனைப் பட்டியலில் பதினொரு பெயர்கள். அத்தனையையும் கட்டுரையில் சேர்த்திருந்தார். ஏழாவது அப்பாவுடையது.

'அரசு அறிவிப்பு ஒன்பது பேர் என்கிறது. விசாரணைக் குழுவின் பட்டியலில் பதினொருவர் உள்ளனர். வாயில் வெளியே பூட்டப்பட்டிருந்ததாகக் குழு பதிவு செய்துள்ளது. தொழிற்சங்கம் இதைக் கொலை என்றது. நிர்வாகம் விபத்து என்றது.' ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்க எண்.

'கொல்லப்பட்டனர்' மட்டும் இல்லை. அது உறுத்தத்தான் செய்தது. ஆனாலும் நான்கு முறை படித்தாள்.

அடுத்த வாரம் யாரோ வந்து அத்தனையையும் அழித்துவிட்டார்கள். பதறிப்போய் அவள் திருத்தப் போவதற்குள், முன்பின் தெரியாத இரண்டு பேர் அதை மீட்டிருந்தார்கள். அழிப்பதும் மீட்பதுமாக மூன்று நாள் இழுபறி. கடைசியில் சான்றோடு இருந்த வரிகளே நின்றன.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையருகே குனிந்தாள். "இத்தனை வருஷமா நாம மட்டுந்தான் சொல்லிட்டிருந்தோம். அந்த மனுஷன் நல்லா இருக்கணும்."

"உங்களைக் கம்பெனி ஆளுன்னு சொன்னதுக்கு மன்னிச்சிடுங்க," என்று அவள் கறாருக்கு எழுதினாள். "நீங்க நல்லா இருக்கணும்னு அம்மா சொல்றாங்க. நானும்தான்."

"அம்மாவுக்கு என் வணக்கம். அப்பா பேர்ல எழுத்துப்பிழை ஏதும் இருக்கான்னு அவங்களையே பாக்கச் சொல்லுங்க."

அம்மா ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் பார்த்தாள். பிழை இல்லை.