ஆறு பேனா, ஒரே சாய்வு

1983 மார்ச் 7ஆம் தேதி, திங்கட்கிழமை, மலேசியாவில் ஈப்போவை அடுத்த மெங்லெம்புவில் இருந்த ஒரு நாற்காலித் தொழிற்சாலையில் மரம் கடைந்துகொண்டிருந்த ராஜு வேலையை விட்டுவிட்டுச் சிங்கப்பூருக்குப் போனான். இரண்டாவது கடைசல் இயந்திரம் காலியானது.

அது தனக்கு வேண்டும் என்று நவமணி மறுநாளே மேற்பார்வையாளரான மண்டோர் சீனியிடம் கேட்டுவிட்டாள். நான்கு வருடமாக அவள் மணல்தாள் தேய்க்கும் பகுதியில் இருந்தாள். அங்கே பதினொரு பெண்கள். காலையில் கறுப்பாக வரும் தலைமுடி மாலையில் மாவு மில்லிலிருந்து திரும்பியதுபோல் இருக்கும். தேநீர் இடைவேளைகளில் ராஜு தன் இயந்திரத்தை அவளுக்கு விட்டுக்கொடுப்பான். துண்டு துக்காணியில் பம்பரமும் பூரிக்கட்டையும் கடைந்து பழகியிருந்தாள். உளி மரத்தில் படும்போது சுருள் சுருளாகக் கழன்று வருமே, அது பிடித்துப்போய்விட்டது. அதற்குப் பிறகு தேய்க்கிற வேலை கசந்தது.

"லேத்தா? வேணாம்மா. சேல சிக்கிக்கும்," என்றார் சீனி.

"நாலு வருசமா சிலுவார் போட்டுத்தானே வாரேன், அண்ணே. பாத்ததில்லயா?"

பக்கத்தில் தேய்த்துக்கொண்டிருந்த பாப்பா தலையைத் தூக்காமலே சொன்னாள்: "அண்ணன் எப்புடிக்கா பாப்பாரு? வீட்டுல கண்ண நோண்டிருவாங்கல்லா."

சீனிக்கு வேறொரு சங்கடம் இருந்தது. பலகை அடுக்கும் பகுதியிலிருந்த சன்னாசி அவருடைய மனைவியின் தம்பி. அவனும் அந்த இடத்தைக் கேட்டிருந்தான். மச்சானுக்குக் கொடுத்தால் தொழிற்சாலை பேசும். கொடுக்காவிட்டால் வீடு பேசும். அவர் விவகாரத்தை முதலாளி தவுக்கே லியோங்கின் மேசைக்குத் தள்ளிவிட்டார்.

தவுக்கேக்கு அப்போது வேறு கவலை. மாதக் கடைசியில் வெளிநாட்டிலிருந்து நான்கு வியாபாரிகள் வரப்போகிறார்கள். கையில் கொடுத்தனுப்ப ஏதாவது வேண்டும். கழிவு மரத்திலேயே பேனா செய்து கொடுக்கலாம் என்று ஒரு படமும் வரைந்து வைத்திருந்தார். வெளுத்த ரப்பர் மரம், நடுவே மூன்று இடத்தில் கறுஞ்சிவப்பு மெர்பாவ் மரத்தின் மெல்லிய சீவல். கடைந்து முடித்தால் விரலில் மோதிரம் போட்டதுபோல் மூன்று வளையம். ஆளுக்கு ஆறு பேனா, அடுத்த சனிக்கிழமைக்குள். நன்றாகச் செய்கிறவருக்கு இயந்திரம்.

"ரப்பர் மரத்துல பேனாவா!" பாப்பாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "நம்ம ஊட்டுல அதத்தானேக்கா அடுப்புல வச்சோம்?"

"எழுதி முடிச்சிட்டு டீ போட்டுக்கலாம்," என்றாள் நவமணி.

ரப்பர் மரம் அவளுக்குப் புதிதல்ல. சுங்காய்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பதினைந்து வயதில் பால் வெட்டத் தொடங்கியவள். ரப்பரை அழித்து எண்ணெய்க்காகச் செம்பனை நட்டபோதுதான் குடும்பத்தோடு ஈப்போவுக்கு வந்தாள். அதுவரை பதினேழு வருடம், நாளுக்கு ஐந்நூறு மரத்துக்குக் குறையாமல் வெட்டியிருந்தாள்.

புதன்கிழமை மதியம் மரம் அறுத்தார்கள். சன்னாசி கட்டையைப் படுக்கவைத்து, பென்சிலால் கோடு போட்டு, நாக்கை மடித்துக் கடித்துக்கொண்டு அறுத்தான். நவமணிக்குப் படுத்துக்கிடக்கும் மரத்தில் கை ஓடாது. கட்டையைப் பிடிப்பானில் நிமிர்த்தி வைத்தாள்.

"கோடு போட்டுக் குடுங்கண்ணே," என்று சீனியைக் கேட்டாள். தோட்டத்தில் பட்டையில் கோடு போட்டுத் தருவது மண்டோரின் வேலை. வெட்டுகிறவர் தானாகக் கோடு போட்டால் அது மண்டோரை மதிக்காததாகும்.

சீனி பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "படந்தான் இருக்குல்ல? கண்ணு எதுக்கு இருக்கு?"

சரி, கண்தானே என்று ரம்பத்தை எடுத்தாள். பாப்பாவின் நாத்தனார் கதை பாதியில் இருந்தது. கதை கேட்டபடியே ஆறு கட்டையிலும் மும்மூன்று வெட்டு போட்டு, சீவலைச் செருகி, கோந்து தடவி, இடுக்கியில் இறுக்கிவிட்டு, கை கழுவப் போனாள். நாத்தனார் கதைகூட அப்போது முடிந்திருக்கவில்லை.

வியாழக்கிழமை காலை இடுக்கியைக் கழற்றினார்கள். சன்னாசியின் கட்டைகளில் கோடு குறுக்கே நேராக இருந்தது. நவமணியின் கட்டைகளில் அத்தனை கோடும் இடது மேலிருந்து வலது கீழே சரிந்து இறங்கியிருந்தது. ரப்பர் பட்டையில் பால் வெட்டும் அதே சாய்வு. அறுத்தபோது அவள் கண்ணுக்கு அது கொஞ்சமும் தப்பாகப் படவில்லை.

முதலில் சிரித்தவன் சன்னாசி. ஒரு தகர மூடியைத் தேடி எடுத்து வந்து, பால் பிடிக்கும் கிண்ணம்போல் அவளுடைய கட்டைக்கு அடியில் வைத்தான்.

"மங்கு வச்சிட்டேன்க்கா. மையி சொட்டுச் சொட்டா விழும், பாத்துக்கிட்டே இருங்க."

"மழ வந்தா வெட்ட முடியாத மாதிரி எழுதவும் முடியாதுலா," என்று பலகைப் பகுதியிலிருந்து யாரோ குரல் கொடுத்தார்கள்.

சீனியும் சேர்ந்துகொண்டார். "நவமணி, பன்னெண்டு மணிக்குப் பால் நிறுக்கணும். வாளிய எடுத்துக்கிட்டு வந்துரு."

நவமணியும் சிரித்தாள். ஆனால் கோந்து காய்ந்துவிட்டது, பிரிக்க வழியில்லை. புதிய மெர்பாவ் சீவல் கேட்டால் சீனி நிச்சயம் கையை விரிப்பார். இதை இப்படியே கடைய வேண்டும், அல்லது சாகும்வரை மணல்தாள் தேய்க்க வேண்டும்.

"சிரிக்கிறவங்க சிரிச்சு முடிங்க. எனக்கு மிஷின் வேணும்," என்றாள்.

கடைவதற்கு முன் உளியைத் தீட்டினாள். பால் கத்தியைத் தீட்டுவதுபோல், கல்லில் எச்சில் தொட்டு, நான்கு இழுப்பு, ஒரு திருப்பு. ஒவ்வொரு பேனாவுக்கும் முன்பு அதே நான்கு இழுப்பு. சன்னாசி உளியைத் தீட்டவே இல்லை. அவன் முறை வந்தபோது இயந்திரத்திலிருந்து கருகல் வாசனை வந்தது. வெள்ளிக்கிழமை காலை அவனுடைய கட்டை ஒன்று சுழலும்போதே கோந்து விட்டுப்போய்த் துண்டு துண்டாகப் பறந்தது. ஒரு துண்டு சீனியின் தேநீர்க் குவளையில் விழுந்தது. நேர்வெட்டில் கோந்து பிடிக்கும் இடம் குறைவு, சாய்வெட்டில் அதிகம் என்பது அப்போது அங்கே யாருக்கும் தோன்றவில்லை. மாலைக்குள் இன்னொன்றும் பறந்தது.

"மச்சானுக்குப் பேனா குடிக்கக் குடுக்குறியா?" என்றாள் பாப்பா. மிச்சமிருந்த நான்கையும் கையில் அள்ளிப் பார்த்தாள். "ஏன்டா, இது முருங்கக்கா, இது வெண்டக்கா. காய்கறிக் கடையா போடப் போற?"

"எழுதுனா சரிதான்க்கா," என்று சன்னாசி பிடுங்கிக்கொண்டான். காது சிவந்திருந்தது.

நவமணியின் ஆறும் தேறின. நடுவில் துளையிட்டுப் பித்தளைக் குழாயைச் செருகி, ரீஃபில் போட்டு, மெழுகு தேய்த்து வைத்தாள்.

சனிக்கிழமை பதினொரு மணிக்குத் தவுக்கே வந்தார். படத்தை மேசையில் விரித்தார். சன்னாசியின் நான்கையும் படத்துக்குப் பக்கத்தில் வைத்து, வளையம் நேராக இருப்பதைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு நவமணியின் பேனா ஒன்றை எடுத்தார்.

"செங்கெட்," என்றார். கோணல்.

"ஆமா தவுக்கே," என்றாள் நவமணி. "கை அப்புடித்தான் போவுது."

அவர் அடுத்ததை எடுத்தார். அடுத்தது. ஆறையும் ஒன்றோடொன்று ஒட்டி, ஒவ்வொன்றையும் சற்றுக் கீழே தள்ளி, வரிசையாகப் படுக்கவைத்தார். ஒன்றின் கோடு முடிகிற இடத்தில் அடுத்ததன் கோடு தொடங்கியது. மேசை இழுப்பறையிலிருந்து கோணம் பார்க்கும் கருவியை எடுத்து முதல் பேனாவில் பொருத்தி, திருகை இறுக்கி, மற்ற ஐந்திலும் வைத்துப் பார்த்தார். எதிலும் மயிரிழை வெளிச்சம்கூடத் தெரியவில்லை. அப்புறம் பருமனை அளந்தார். அதுவும் ஒன்றே.

சன்னாசியின் நான்கை அளந்தபோது நான்கு அளவு வந்தது.

"அச்சு வச்சி பண்ணியா?" என்று மலாயில் கேட்டார்.

"அச்சு ஏது தவுக்கே? வெறுங்கைதான்."

"இன்னும் நாலு பண்ணா, இதே மாதிரி வருமா?"

"நாப்பது வேணும்னாலும் வரும். ஆனா நேரா கேக்காதீங்க. அதுக்கு மண்டோர் கோடு போட்டுக் குடுக்கணும்." சீனியைப் பார்த்தாள். சீனி காதிலிருந்த பென்சிலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

தவுக்கே கொஞ்ச நேரம் பேனாவை விரலிடையில் உருட்டினார்.

"நாற்காலிக்கு நாலு கால்," என்றார் சீனியிடம். "நாலும் ஒண்ணா இருக்கணும். இல்லன்னா ஆடும்."

படத்தில் இருந்தபடி வளையம் நேராக இருந்ததால் வியாபாரிகளுக்குச் சன்னாசியின் நான்கு பேனாக்களையே கொடுத்தார்கள். மார்ச் 21ஆம் தேதி முதல் நவமணி இரண்டாவது இயந்திரத்தில் நாற்காலிக் கால் கடைந்தாள்.