சாய்கோடு

2024 நவம்பர் 19, செவ்வாய்க்கிழமை. விடியலில் தொடங்கிய மழை நண்பகலிலும் ஓயவில்லை. சிராங்கூன் சாலை நெடுகிலும் பூக்கடைகள் நெகிழித் திரைகளுக்குப் பின்னே ஒடுங்கிக் கிடந்தன.

அச்சாலையை ஒட்டிய சிறு கிளினிக்கின் மேல்மாடியில், கணினிப் பணிகளைக் கவனிக்கும் இனியா, ஈராண்டுகளுக்கு முன் தான் எழுதிய நிரலைத் திருத்திக்கொண்டிருந்தாள். இரத்தப் பரிசோதனையில் கோளாறு தென்பட்டவர்களுக்கு ‘உடனே வாருங்கள்’ என்னும் கடிதத்தை நாள்தோறும் தானாகவே அச்சிடும் நிரல் அது. பழைய அச்சுப்பொறியின் அற்ப எச்சரிக்கைகள் திரையை நிறைத்துத் தொல்லை தந்தமையால், பிழைச்செய்தி எதுவாயினும் விழுங்கிவிடும்படி ஒரு வரியை அப்போது சேர்த்திருந்தாள். புதிய அச்சுப்பொறி வந்துவிட்டதால், இன்று அவ்வரியை நீக்கி, பிழைகளைப் பெயரோடு பதியுமாறு மாற்றி, பழைய பட்டியலைச் சோதனைக்காக ஓட்டிப் பார்த்தாள்.

நான்கு பிழைகள் பதிவாயின. முதலாவது: ரகுபதி எஸ்/ஓ மருதப்பன்.

அந்தப் பெயரை அவள் அறிவாள். நோயாளியின் பெயரையே கடிதக் கோப்புக்கும் சூட்டியிருந்தாள். இன்னாரின் மகன் (எஸ்/ஓ), மகள் (டி/ஓ) என்று அடையாள அட்டையில் குறிக்கும் அந்தச் சாய்கோடு, கணினிக்கோ கோப்புறையைப் பிரிக்கும் குறி. இல்லாத கோப்புறையைத் தேடித் தோற்ற நிரல், வாய் திறவாமல் அடுத்த வரிக்குப் போய், ‘அனுப்பப்பட்டது’ என்று எழுதி வைத்திருந்தது.

“எஸ்/ஓ, டி/ஓ எல்லாம் நம்ம ஆளுங்க பேர்லதானே வரும்! உனக்கே தோணலையா?” என்றான் உடன் பணிபுரியும் லியோனல்.

“என் ஐசில அந்தக் கோடு இல்லடா” என்றாள் இனியா, தன் அடையாள அட்டையை நினைத்து.

அவன் அதற்குமேல் கேலி செய்யவில்லை. “மத்த மூணு பேர நான் இப்பவே கூப்பிடுறேன். நீ அவர் வீட்டுக்குக் கெளம்பு லா.”

இரு மாதங்களுக்கு முன், நோய் கல்லீரல் முழுதும் பரவிய பிறகு, ரகுபதியின் மனைவி ரத்தினம்மா தொலைபேசியில் கேட்டிருந்தார்: “லெட்டர் அனுப்பினீங்களா, இல்லையா? எனக்கு அது மட்டும் தெரியணும்.” இனியா திரையைப் பார்த்து, “அனுப்பிட்டோம் ஆன்ட்டி” என்றாள். உடனே மறுமுனையில் ரத்தினம்மா கணவரிடம் வெடித்தார்: “கேட்டீங்களா? விளம்பரக் காயிதத்தோட தூக்கிப் போட்டுட்டு இப்ப முழிக்கிறீங்க!” அதற்குப் பின்னால் ஒரு நைந்த குரல்: “வரவே இல்ல ரத்தினம்.”

தொலைபேசியில் சொல்லித் தப்பிக்கும் செய்தியன்று இது. இனியா ரயிலேறிச் செங்காங்கிலுள்ள ரகுபதியின் வீட்டுக்குச் சென்றாள். ரத்தினம்மா கதவைத் திறந்ததும், வாசலில் நின்றவாறே தன்னை இன்னாரென்று சொல்லி, நடந்ததை ஒளிக்காமல் உரைத்தாள்.

“லெட்டர் பிரிண்ட் ஆகவே இல்ல ஆன்ட்டி. தப்பு என்னோடது. அங்கிள் சொன்னதுதான் நெசம்.”

ரத்தினம்மா கதவுப்பிடியை விடவேயில்லை.

“ரெண்டு மாசமா அவருக்கு மொகங்குடுத்துப் பேசல, தெரியுமா? கஞ்சித் தட்டக்கூட ணங்குனுதான் வெச்சேன்.” உள்ளே கட்டில் இருந்த பக்கம் திரும்பி, “காலைலேர்ந்து கண்ணே தொறக்கல” என்றார்.

பிறகு கட்டிலருகே ஓடிக் குனிந்தார்.

“என்னங்க, லெட்டர் வரலைங்க. நீங்க தூக்கிப் போடலைங்க. கேக்குதா?”

ரகுபதியின் மார்பு ஏறி இறங்கியது. இமைகள் அசையவில்லை. ரத்தினம்மா இன்னும் உரக்கச் சொன்னார். பின்பு, கெஞ்சுவது போல மெல்லச் சொன்னார். அவருடைய கையை எடுத்துத் தம் கன்னத்தில் வைத்துக்கொண்டும் சொன்னார். எத்தனை முறை சொன்னார் என்பது இனியாவுக்குத் தெரியாது. மூச்சு நின்றபோது பிற்பகல் மணி நான்கு நாற்பத்திரண்டு.